பச்சை வண்ணத்துக்கு அடியில் இரண்டு துளைகள்

திருத்தணியில், அரக்கோணம் சாலையோரம் மரப்பட்டறை வைத்திருக்கும் கோதண்டபாணி, மெக்கானிக் ஹயாத் பாஷா வந்து இறங்கியபோது வாசலுக்குப் போகத் தயங்கினார். பட்டறையின் பழைய மேசை ரம்பத்துக்குப் பாதுகாப்புக் கருவி பொருத்த அவரை வரவழைத்தவர் கோதண்டபாணியேதான். நான்கு மாதங்களுக்கு முன், வேப்பம்பலகை ஒன்று பிளேடை இறுக்கிப் பின்னோக்கி எகிறித் தச்சர் சமியுல்லாவின் விலாவில் பாய்ந்தது. இரண்டு எலும்புகள் முறிந்தன. குணமாகி அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்த சமியுல்லா, குனிய முடியாமல் குனிந்து பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஹயாத் பாஷா கொண்டுவந்தது பிளேடுக்குப் பின்னால் நிற்கவேண்டிய ஓர் எஃகுத் தகடு. அறுபட்ட பாதிகள் மீண்டும் நெருங்கிப் பிளேடை இறுக்காமல் அது காக்கும். அதன் இருபுறமும் பல்வைத்த கொக்கிகள். மரம் முன்னே போனால் விட்டுவிடும், பின்னே வந்தால் கடித்து நிறுத்தும்.

துளையிடும் இடத்தில் வண்ணத்தைச் சுரண்டிய ஹயாத் பாஷா நிமிர்ந்தார்.

"இன்னா நைனா, கம்பெனிக்காரனே ஓட்டை போட்டு மரையும் வச்சிருக்கான். இங்க ஏற்கெனவே தகடு இருந்திருக்குது. செகண்ட்ஹேண்டா வாங்கினியா?"

ஓர் 'ஆங்' போதும், தப்பித்துவிடலாம். கோதண்டபாணிக்கு நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. சமியுல்லா கையிலிருந்த பலகையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி செய்யும் வேலை குவிந்த சமயத்தில், பலகையை முழுதும் அறுக்காமல் காடி என்னும் பள்ளம் எடுக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று அந்தத் தகட்டைக் கழற்றியவர் கோதண்டபாணி. திருவிழா முடிந்ததும் மாட்டிவிடலாம் என்றுதான் நினைத்தார். மாட்டவில்லை. ஆண்டுதோறும் ஆயுத பூசைக்கு ரம்பத்துக்குப் பச்சை வண்ணம் அடித்துச் சந்தனம் வைத்ததில் துளைகள் மூடிப்போயின. சமியுல்லா வேலைக்குச் சேர்ந்தது அதற்குப் பிறகு. அடிபட்ட மறுநாள் எதிர்க்கடையில் தேநீர் அருந்தியபடி, பாய்க்கு நிதானம் போதாது, பலகையைப் பிடிக்கத் தெரியவில்லை என்று எல்லோர் காதிலும் விழும்படி கோதண்டபாணி சொன்னார். படுக்கையிலிருந்து மன்னிப்புக் கேட்டவரோ சமியுல்லா. அதையும் கோதண்டபாணி பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டிருந்தார். இப்போது நினைக்கையில் உடம்பு கூசியது.

"இல்ல பாஷா. புதுசாத்தான் வாங்கினேன். நான்தான் கழட்டினேன்."

சமியுல்லா ரம்பத்தருகே வந்து, சுரண்டிய இடத்தில் தெரிந்த துளைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"நாலு மாசமா, எப்படிப் பிடிச்சேன், எங்க தப்பு பண்ணேன்னு யோசிச்சுகினே இருந்தேன் முதலாளி," என்றார் பிறகு. "டீக்கடையில சொன்னீங்களாமே. சாயிரா சொல்லி அழுதுச்சு."

மனைவியின் பெயரைச் சொன்னபோது அவர் கை விலாவுக்குப் போனது. கோதண்டபாணி தலையை நிமிர்த்தவில்லை.

"சொன்னேன்."

"இதையும் அங்கயே சொல்லுங்க. நான் வரல. நீங்களே போங்க."

கோதண்டபாணி சாலையைக் கடந்தார். கடைக்காரி கெங்கம்மாள் கிளாஸை நீட்டியபடியே, பாய் வந்துவிட்டாராமே, இனியாவது பார்த்து அறுக்கச் சொல்லுங்கள் என்றாள். பெஞ்சில் இருந்தவர்கள் மணவூரில் ரயில் நின்றுபோன கதையைப் பேசிக்கொண்டிருந்தனர்.

"அவரு மேல தப்பில்ல," என்றார் கோதண்டபாணி. குரல் எழும்பவில்லை, எவருக்கும் கேட்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, எல்லோரும் திரும்பும்படி மறுபடியும் தொடங்கினார்.