புல்லறுக்கப் போனவள்

என் தம்பி பட்டாளத்தில் இருக்கிறான். போன வருஷம் அவனுக்கு இமயமலை அடிவாரத்தில் ஒரு ஊருக்கு மாற்றல் வந்தது. அங்கிருந்து இரண்டு மணி நேரம் ஜீப்பில் போனால் புலிகள் இருக்கிற காடு. "எக்கா, ஒருக்கா இஞ்ச வா, உனக்கு புலி காட்டித் தாறேன்" என்று ஒவ்வொரு போனிலும் சொல்வான்.

நான் மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு எடுப்பதென்றால் கல்யாணத்துக்கும் அடக்கத்துக்கும்தான். வீட்டுக்காரர் மஸ்கட்டில். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் நின்று படிக்கிறாள். "யாருக்கு வேண்டி நீ அந்த வீட்டைக் காத்துக் கிடக்கா?" என்று அவன் ஒருநாள் கேட்டான். பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு நாகர்கோவிலில் ரயில் ஏறிவிட்டேன்.

அங்கே குளிர் எலும்பில் இறங்கியது. தம்பி கடைவீதியில் எனக்கு ஒரு சிவப்புக் கம்பளிச் சட்டை வாங்கித் தந்தான். காட்டுக்குச் சிவப்பு ஆகாது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குக் காட்டோரமிருந்த கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். தங்குவதற்கு ஒரு சின்ன விடுதி. விடியற்காலையில் காட்டுக்குள் போக அவன் முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தான்.

கிராமத்துக்குள் நுழைந்ததுமே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. டீக்கடை முன்னால் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். ஒருத்தியும் பேசவில்லை. வயல் பக்கமிருந்து ஆண்கள் கம்பும் தகரடின்னுமாக வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஜீப்பைப் பார்த்ததும் எல்லா முகமும் ஒருசேரத் திரும்பி, பிறகு ஒருசேர விலகியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்படி நிற்கிற ஆட்களை நான் தினமும் பார்க்கிறவள். உள்ளே ஒரு கதவு திறப்பதற்காக நிற்பார்கள்.

"என்னலே கூட்டம்?" என்றேன்.

"ஏதாவது கல்யாணமாட்டு இருக்கும்" என்றான் தம்பி.

விடுதிக்காரர் சாவியைத் தந்துவிட்டு தம்பியிடம் இந்தியில் என்னவோ நிறையச் சொன்னார். தம்பி என்னிடம், "இருட்டினா வெளிய இறங்காதீங்கன்னு சொல்லுகாரு" என்றான். அவ்வளவுதான். இருட்டும் வரைக்கும் தூரத்தில் தகரம் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது போலவும் இருந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

காலையில் ஒரே பனி. மேல் மூடாத ஜீப், ஒரு டிரைவர், கூட வழிகாட்டி ஒருவர். வழிகாட்டிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். கண் இரண்டும் வீங்கியிருந்தன. தூங்காத கண்ணா, அழுத கண்ணா என்று எனக்குப் பார்த்தாலே தெரியும். இரண்டுமாக இருந்தது. காட்டு வாசலில் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் தம்பியைத் தனியே கூப்பிட்டுக்கொண்டு போனார். கைகளைச் சேர்த்துப் பிடித்தபடி வெகுநேரம் பேசினார். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். பிறகு தலையாட்டினான்.

"அவ்வளவு நேரம் பேசினாரே, என்ன சொன்னாரு?"

"வேற வழியாட்டு போலாமான்னு கேக்காரு. அங்கன புலி நிக்க சான்ஸ் உண்டாம்."

அவன் என் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

காட்டுக்குள் சாலமரங்கள் எங்கள் ரப்பர் தோட்டம் மாதிரியே நிமிர்ந்து நின்றன. ஆனால் ரப்பர் தோட்டத்தில் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஒரு வரிசை கிடைக்கும், மறுபக்கம் வெளிச்சம் தெரியும். இங்கே நாலு மரத்துக்கு அப்பால் பனி மட்டும்தான். கூழாங்கல்லாகக் கிடந்த ஒரு ஆற்றைக் கடந்தோம். எங்கேயோ ஒரு மிளா மான் அடித்தொண்டையில் ஒருமுறை கத்தியது. கொஞ்சம் தள்ளி மரத்து மேலே குரங்கு இருமுவது மாதிரி ஒரு சத்தம். டிரைவர் வேகத்தைக் குறைத்தார்.

அப்போதுதான் நான் வழிகாட்டியைக் கவனித்தேன். புலி தேடுகிறவர் பாதையில் தடம் பார்ப்பார், தூரத்தில் பார்ப்பார் என்று தம்பி சொல்லியிருந்தான். இவரோ வழியோரத்துப் புல்லையே பார்த்துக்கொண்டு வந்தார். கையிலிருந்து ஏதோ தவறி விழுந்துவிட்டது, அதைத் தேடிக்கொண்டு வருகிறார் என்பது போல. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

காட்டுத்தீ பரவாமலிருக்க மரங்களை வெட்டி ஒதுக்கிய அகலமான பாதை ஒன்று வந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரப் புல். அதன் விளிம்பில் ஒரு புல்லுக்கட்டு கிடந்தது. பழைய கயிற்றால் சுற்றி, தலையில் ஏற்றத் தயாராகக் கட்டிய கட்டு. மேலே பனித்துளி அப்படியே நின்றது. ராத்திரி முழுக்க அங்கேயே கிடந்திருக்கிறது.

வண்டி நிற்குமுன்பே வழிகாட்டி குதித்தார். காட்டுக்குள் யாரும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று வாசலில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தது. டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு அவரைக் கூப்பிட்டார். அவர் காதில் அது விழவில்லை. நாலைந்து எட்டு போனவர் குனிந்து எதையோ எடுத்தார். நீல நிற ரப்பர் செருப்பு, ஒற்றைச் செருப்பு. அதைப் பார்த்துக்கொண்டே சரிந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் என்ன செய்தேன் என்பதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். யோசிக்கவே இல்லை. ஒரு ஆள் கண்முன்னே சரிந்தால் என் கால் தானாகப் போகும், இத்தனை வருஷப் பழக்கம். ஜீப்பிலிருந்து இறங்கி அவரை நோக்கி நடந்தேன்.

"எக்கா! கேறு! ஜீப்புல கேறு!" தம்பி கத்தவில்லை. காற்றாக வந்தது அவன் குரல்.

அந்த இடத்தில் ஒரு வாடை இருந்தது. நனைந்த கோணிச் சாக்கும் பச்சை இறைச்சியும் கலந்த மாதிரி. எதிரே உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடந்தது. அதற்குப் பின்னால் ஒரு பெரிய மரம், பாதிக்கு மேல் பனிக்குள் போய்விட்ட மரம். இவ்வளவு நேரம் இருமிக்கொண்டிருந்த குரங்கு நின்றுவிட்டது. ஒரு பறவைச் சத்தம்கூட இல்லை. ஏன் என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

வழிகாட்டி எழுந்து புதரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் அழைத்தார். "சாச்சி… சாச்சி…"

எனக்கு இந்தி தெரியாது. ஆனால் தக்கலைப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் சித்தியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்கூட வேலை பார்க்கிற பெண் தினமும் போனில் "சாச்சி" என்றுதான் தொடங்குவாள். அந்த ஒரு வார்த்தையில் நேற்றைய டீக்கடைக் கூட்டம், தகரச் சத்தம், விடுதிக்காரர் பேச்சு எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது.

பதில் வரவில்லை. அவர் மறுபடியும் கூப்பிட்டார். நான் அவர் கையைப் பிடிக்க இன்னும் இரண்டு எட்டு வைத்தேன். அந்த நேரம் டிரைவர் என்ஜினை உறுமவிட்டு வண்டியை எங்கள் மேல் ஏற்றுவதுபோலக் கொண்டுவந்து நிறுத்தினார். தம்பி என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தான். வழிகாட்டியும் ஏறினார். செருப்பு அவர் மடியில் இருந்தது.

கொஞ்ச தூரம் போனதும் தம்பியிடம் கேட்டேன். "உள்ளதச் சொல்லுலே."

சொன்னான். நேற்று மதியம் வழிகாட்டியின் சித்தி புல்லறுக்கப் போனவள் திரும்பவில்லை. ஊரார் வயல் பக்கம் தேடியிருக்கிறார்கள். ஆனால் புலிகள் காப்பகத்துக்குள் நல்ல புல் இருக்கிற இந்த இடத்துக்கு அவள் திருட்டுத்தனமாக வருவாள் என்பது இவருக்கு மட்டும் தெரியும். உள்ளே புல்லறுப்பது குற்றம். சொன்னால் அவளுக்குக் கேஸ், சொல்லாவிட்டால் தேட முடியாது. அதனால்தான் எங்கள் வண்டியை இந்தப் பக்கம் திருப்பக் கேட்டிருக்கிறார்.

"என்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"நீ பயந்து பேடிப்பன்னு நெனச்சேன்."

வழிகாட்டியின் தோளைத் தொட்டு, வாசல் இருக்கும் திசையைக் கையால் காட்டினேன். போய்ச் சொல்லிவிடு என்று அவருக்குப் புரிந்தது. தலையாட்டினார்.

வனக்காவல் சாவடியில் அதிகாரி முதலில் கத்தினார். வண்டியை விட்டு இறங்கியதற்கு, என்னை இறங்கவிட்டதற்கு, நேற்றே சொல்லாததற்கு. வழிகாட்டி செருப்பை மேசைமேல் வைத்தார். கத்தல் நின்றது. இரண்டு வளர்ப்பு யானைகளும் ஆட்களும் புலியை விரட்டப் பட்டாசுமாகப் புறப்பட்டார்கள். எங்களைச் சாவடியிலேயே இருக்கச் சொன்னார்கள். பனி விலகிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துக் காட்டுக்குள் பட்டாசு வெடித்தது. ஒரு வெடி, பிறகு தொடர்ந்து பல வெடிகள். வழிகாட்டி சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். ஒரு துணியைப் போட்டு மூடித்தான் கொண்டுவருவார்கள் என்று நானும் மனதைத் தயார்செய்து வைத்திருந்தேன்.

யானைமேல் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். அவளுக்கு உயிர் இருந்தது.

என் வயதுதான் இருக்கும். நான் நர்ஸ் என்று தம்பி சொன்னதும் வழிவிட்டார்கள். நாடி நூல் மாதிரி ஓடியது. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. விரல்கள் கொக்கி மாதிரி வளைந்து விரியவே இல்லை. ராத்திரி முழுக்கக் கிளையைப் பிடித்த விரல்கள். வெந்நீரில் சர்க்கரை கலக்கச் சொல்லி, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டேன். ஒரு விரலைப் பிரித்து, தேய்த்து, அடுத்த விரலைப் பிரித்தேன். கால்மணி நேரம் கழித்து அவள் என் சட்டையை உற்றுப் பார்த்தாள். சிவப்புக் கம்பளியைத் தொட்டுப் பேச ஆரம்பித்தாள்.

"என்ன சொல்லுகா?"

தம்பியின் முகம் வெளுத்திருந்தது.

"ஒண்ணு விடாம சொல்லுலே. இதுல மறைக்காத."

அவள் சொல்லச் சொல்ல அவன் தமிழில் சொன்னான்.

புலி நேற்று மதியம் வந்ததாம். புல்லுக்கட்டைத் தலையில் தூக்கக் குனிந்தபோது பார்த்திருக்கிறாள். ஓடிப்போய் அந்தப் பெரிய மரத்தில் ஏறி, துப்பட்டாவால் தன்னைக் கிளையோடு கட்டிக்கொண்டாள். அது போகவில்லை. உண்ணிப் புதருக்குள் படுத்துக்கொண்டது. ராத்திரி மூன்று தடவை மரத்தடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தது. காலையில் எங்கள் வண்டி வந்தபோதும் அது அந்தப் புதருக்குள்தான் கிடந்தது. எங்களுக்கும் அவளுக்கும் நடுவில்.

"இவன் என்னைக் கூப்பிட்டான். எனக்குக் கேட்டது. நான் ஒரு சத்தம் கொடுத்தால் இவன் நேராக ஓடி வருவான். வழியில் அது கிடக்கிறது. அதனால் துப்பட்டா முனையை வாய்க்குள் திணித்துக்கொண்டேன்."

வழிகாட்டி முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

அவள் நிறுத்தவில்லை. "இந்தப் பெண் இறங்கினாள். அது இவனைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவளைப் பார்த்தது. இவள் நின்றாள், அதுவும் அசையவில்லை. மறுபடி இரண்டு எட்டு வைத்தாள். அது வயிற்றைத் தரையோடு ஒட்டவைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது வண்டி உறுமியது."

எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று தம்பி கேட்டான். சாவடி வாசலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரைக்கும் என்று கையைக் காட்டினாள். அந்தத் தூரத்தை நான் நடந்து பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தொட்டிப் பக்கமே போகவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து அவளைக் கொண்டுபோனது. ஏறுமுன் என் மணிக்கட்டைப் பிடித்து ஏதோ சொன்னாள். "அவனுக்க வேலை போகாம பாத்துக்கிடுங்கன்னு சொல்லுகா" என்றான் தம்பி. யாரும் சொல்லி நான் இறங்கவில்லை, என் இஷ்டத்துக்குத்தான் இறங்கினேன் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு அதிகாரியிடம் கொடுத்தேன். அவர் அதைப் படிக்காமலே மடித்து வைத்தார்.

தம்பியின் குவார்ட்டர்ஸுக்குத் திரும்பி வந்து சோறு வடித்துவைத்தேன். அவன் சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எக்கா, அந்த ஆளு கும்பிட்டுக் கேட்டப்ப அந்தப் பொம்பளைய நான் நெனைக்கல்ல. அவளைப் புலி புடிச்சிருந்தா புலி அங்கதானே நிக்கும், நமக்குப் பாக்கலாமேன்னுதான் சரின்னேன்."

அடிக்கலாம் போலவும் இருந்தது. அவன் சின்னவனாக இருந்தபோது காய்ச்சலில் நெற்றியில் கை வைப்பேனே, அப்படி வைக்கலாம் போலவும் இருந்தது. "சாப்பிடுலே" என்றேன். சாப்பிட்டான்.

மிச்ச நாட்களில் நான் எங்கும் போகவில்லை. ஊருக்கு வந்து டூட்டியில் சேர்ந்தேன். கூட வேலை பார்க்கிறவர்கள் புலி பார்த்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது உண்மைதான். அது என்னைப் பார்த்தது என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி போன் பண்ணினான். வழிகாட்டியின் லைசென்சை அந்த சீசன் முடியும்வரை நிறுத்திவைத்துவிட்டார்களாம். இப்போது விடுதியில் பாத்திரம் கழுவுகிறார். பக்கத்துக் கிராமத்தில் விறகு பொறுக்கப் போன ஒரு ஆளைப் புலி கொண்டுபோய்விட்டது. கூண்டு வைத்து ஒரு புலியைப் பிடித்தார்கள். அதே புலிதானா என்று யாருக்கும் நிச்சயமில்லை.

"அந்தப் பொம்பளை?"

"நல்லா இருக்கா. போன வாரம் ரோட்டுல கண்டேன். புல்லுக்கட்டோட வந்தா."

"எங்கேருந்து?"

"அங்கேருந்துதான்க்கா. எருமை ரெண்டு நிக்குல்லா. வெளியில எங்கயும் புல்லு இல்ல."

"தனியாவா போறா?"

"இல்ல, நாலு பேரு சேந்துதான் போறாளுக."

வார்டில் பெல் அடித்தது. பிறகு கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தேன்.