நகத்தில் தெரியாத இரத்தம்

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவியின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிவிட்டது. கொழும்பில் நெஞ்சைத் திறந்து சரிசெய்ய நாள் குறித்தார்கள். கல்முனையிலிருந்து பஸ் ஏறுவதற்கு முதல் நாள் அவள் மருதோன்றி கேட்டாள். எங்கள் பெண்கள் பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் வைப்பது அது.

"பெரிய பயணம் மச்சான். வெறுங்கையோட போக ஏலா."

அவளுக்கு அம்மியில் இரண்டு இழுவை இழுத்தாலே மூச்சு முட்டும். நானே அரைத்து, கை நகம் பத்திலும் கால் நகம் பத்திலும் அப்பிவிட்டேன். நன்றாகச் சிவந்தது.

கொழும்பில், காலையில் உள்ளே கொண்டுபோனவளை பின்னேரம் அஸர் தொழுகை நேரத்தில்தான் வெளியே கொண்டுவந்து வேறொரு அறையில் போட்டார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். நர்ஸ் மிஸ்ஸி அவளுடைய விரல் நகத்தை அமுக்கிப் பார்த்தார், பிறகு கால் நகத்தை. டொக்டரைக் கூப்பிட்டார். தமிழ் டொக்டர் அவர். என்னிடம் வந்து, அண்ணனுக்கு எங்கள் ஆட்கள் சொல்கிறபடி நானா என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"ஆர் நானா இதப் பூசினது?"

நான்தான் என்றேன்.

அவர் ஏசவில்லை. சத்திரசிகிச்சைக்காக உடம்பைக் குளிரவைப்பார்களாம். குளிரில் இரத்தக் குழாய்கள் இறுகிவிடும். திரும்பச் சூடேறும்போது இரத்தம் விரல் நுனிவரை போகிறதா என்று நகத்தை அமுக்கிப் பார்ப்பார்கள். வெளுத்த இடம் உடனே சிவந்தால் நல்லது. இவளுடைய நகமோ அமுக்கினாலும் சிவப்பு, விட்டாலும் சிவப்பு. இதயத்தை நிறுத்தி வைத்த நேரம் அதற்குப் பதிலாக ஓடிய மெஷினுக்குள்ளால் போய்வந்த இரத்தம் லேசில் உறையாதாம். நெஞ்சில் வைத்த குழாயால் இன்னும் வடிகிறது என்றார்.

என் இரத்தத்தை எடுங்கள் என்றேன். அது அவளுக்குச் சேராது என்று முதலே பார்த்துவிட்டார்களாம். சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிடவா என்று கேட்டேன்.

"போகாது நானா. நகம் வளந்துதான் போகும்."

அவர் உள்ளே போனார். மிஸ்ஸி அவளுடைய உதட்டை அமுக்குவதும், குழாயைப் பார்ப்பதும், புதுப் போத்தல் இரத்தம் மாட்டுவதுமாக இருந்தார். நல்லதோ கெட்டதோ அந்த முகத்தில் எனக்குத் தெரியவில்லை. கேட்க எனக்குச் சிங்களம் வராது. வந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். துஆ ஓத வாயெடுத்தேன், பாதியில் விட்டுப்போனது.

மறுநாள் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகுதான் வடிவது நின்றது. அவள் பிழைத்தாள், அல்ஹம்துலில்லாஹ். அவ்வளவு நேரமும் அவளுக்காக நான் ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று என் பெருவிரல் நகத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். அது ஒவ்வொரு முறையும் உடனே சிவந்தது. அதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

அவளிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதினேன்.

1986, ஷவ்வால் பிறை ஆறு, சனிக்கிழமை.