கட்டத்துக்கு அடியில் போன பட்டன்

கோவில்பட்டியில் இணையப் பக்கம் வடிவமைக்கிற பிரேமலதாவிடம் யாராவது "எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்குங்க மேடம்" என்று சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்கு முழுக்க முகம் கடுகடுதான். எழுத்துக்கு அளவு இவ்வளவு, கட்டத்துக்கு உயரம் இவ்வளவு என்று பூட்டிவிடுவாள். விரலால் விரித்துப் பெரிதாக்கவும் வழி வைக்க மாட்டாள். தன் போனில் பார்ப்பாள், அழகாக இருக்கும், அத்தோடு திருப்தி.

அவளைப் படிக்க வைத்தவர்கள் நாகலாபுரத்தில் இருக்கிற அக்கா வள்ளித்தாயும் அத்தான் மாயகிருஷ்ணனும். நாலு ஏக்கர் மானாவாரியும் கொஞ்சம் ஆடுகளும்தான் அவர்கள் சொத்து. அதில் ஆறு ஆடு இவள் கம்ப்யூட்டர் படிப்புக்குப் போனது.

இந்தப் புரட்டாசியில் அங்குள்ள விவசாயிகள் சங்கம் உளுந்து விதை கொடுக்க போன் வழியாகப் பதிவு கேட்டது. பக்கம் செய்து கொடுத்தவள் பிரேமலதா. அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. "எந்தங்கச்சி செஞ்சதாக்கும்" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் போனையே எடுத்தாள். நாற்பத்தாறு வயசு, வெள்ளெழுத்து. போனில் எழுத்தை இருப்பதிலேயே பெரிய அளவில் வைத்திருந்தாள். பெயர், ஊர், சர்வே நம்பர் எல்லாம் பொறுமையாகப் போட்டாள். பிரேமலதா பூட்டிய அளவையும் மீறிப் போன் எழுத்தைப் பெரிதாக்கியதில் வரிகள் கீழே கீழே இறங்கின. கட்டமோ வளரவில்லை. கடைசியில் இருந்த 'அனுப்பு' பட்டன் கட்டத்துக்கு அடியில் மறைந்துபோனது. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. வேலை முடிந்தது என்று போனை வைத்துவிட்டாள்.

விதை கொடுத்த அன்று பட்டியலில் வள்ளித்தாய் பேர் இல்லை. மறுநாளே மழை. ஊரே விதைத்தது. இவர்கள் கடை கடையாக அலைந்து விதை வாங்கி வருவதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது. கரிசலில் அந்த ஈரத்தை விட்டால் அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து பிரேமலதா வந்தாள். நடந்ததைக் கேட்டு, அக்காவின் போனை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பெரிய எழுத்தில் கட்டம் நிரம்பிக் கிடந்தது, 'அனுப்பு' பட்டனைக் காணவில்லை.

"எங்கன அமுக்காம விட்டேன்னு பாரு, ஏட்டி. நான் ஒரு கூறுகெட்டவ" என்றாள் அக்கா.

வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம், யாருக்குத் தெரியப் போகிறது? அந்த நினைப்பும் வரத்தான் செய்தது, பாவி மனசு. அக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு அது முடியவில்லை.

"உம்மேல தப்பில்லக்கா. பட்டனே உனக்குத் தெரிஞ்சிருக்காது. எல்லாம் நான் செஞ்ச கோளாறு."

வள்ளித்தாய் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "நெசமாவா சொல்லுத?" என்று தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத அவியட்ட வந்து சொல்லுதியா? பத்து நாளா எங்கிட்ட ஒரு வார்த்த பேசல."

தொழுவத்தில் ஆடுகளுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்த அத்தானிடம் போய், தட்டுத் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னாள். மாயகிருஷ்ணன் முழுக்கக் கேட்டார். அவளைத் திட்டவில்லை. வாசலில் நின்ற மனைவியை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னும் எத்தன வீட்டுல இப்படி?" என்று மட்டும் கேட்டார்.

அனுப்பாவிட்டாலும் போட்டவரைக்கும் அந்தப் பக்கம் சேமித்து வைத்திருக்கும். பிரேமலதா அங்கேயே தன் போனில் சங்கத்தின் பதிவுகளைத் திறந்து, அனுப்பாமல் பாதியில் நின்ற பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். அதில் ஒருத்தர்கூட ஏன் என்று சங்கத்தில் கேட்டிருக்கவில்லை.

"முப்பத்தொண்ணு அத்தான்" என்றாள்.