பூட்டிவைத்த களிம்பு

அந்தப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் கட்டடத்தில் ‘பெர்மிட் அக்கா’ என்றால் தெரியாதவர் கிடையாது. பதவியின் முழுப் பெயர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர். அதை முழுசாகச் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? எந்த அமிலத்தை யார் தொடலாம், எந்த அறைக்குள் யார் நுழையலாம், எந்த வாயு உருளையை எந்தச் சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டவேண்டும், எல்லாம் அக்கா தலையசைத்தால்தான் நடக்கும். பயிற்சி வகுப்புக்கு டிமிக்கி கொடுத்தவர் பேராசிரியரே ஆனாலும் தலைகீழாக நின்று பார்க்கலாம், அனுமதி கிடைக்காது.

வீட்டிலும் அதே பேர்தான். அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். காலையில் சமையலறை வாசலில் நின்று, “மேடம், அடுப்பு பத்த வைக்கணும், பெர்மிட் கிடைக்குமா?” என்று கைகட்டிக் கேட்பார். அவள் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே கேஸ் குழாயை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். பிறவிக் குணம், என்ன செய்வது!

அவள் வேலையில் ஒரு வில்லங்கம் உண்டு. நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாராவது வந்து நன்றி சொல்வார்களா? மாறாக, கண்கழுவும் குழாயைத் திறந்து பார்த்தாயா, கோட்டுப் பொத்தானைப் போட்டாயா என்று கேட்டுக்கொண்டு அவள் வராந்தாவில் வரும்போதே ஆளுக்கொரு பக்கம் நழுவிவிடுவார்கள். அவர்களில் நழுவாதவன் ஒருவன்தான். முனைவர் பட்டம் முடித்துவிட்டு அதே லேபில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தவன், எதைச் சொன்னாலும் எதிர்த்து நாலு கேள்வி கேட்பான். அதனால் அவனுக்கு ‘எதிர்க்கட்சி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்த லேபில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் என்று ஒன்று புழங்கியது; சுருக்கமாக எச்.எஃப். என்பார்கள். கண்ணாடியையே அரித்துவிடும். தோலில் பட்டால் உள்ளே இறங்கி எலும்பு வரைக்கும் போய் வேலையைக் காட்டும். பட்ட உடனே நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, கால்சியம் கலந்த களிம்பைத் தேய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் அந்த அமிலத்தை வைத்துக்கொள்ளவே அனுமதி.

போன வருடம் பாதுகாப்பைச் சோதிக்கும் ஆய்வுக் குழு வந்தபோது முதலுதவிப் பெட்டியில் களிம்பு இல்லை. தேடிப் பார்த்தால் யாரோ வெடித்த குதிகாலுக்குப் போட எடுத்துப்போய், தன் மேசையில் வைத்திருந்தார்! அத்தனை பேர் முன்னால் அக்காவுக்கு மானம் போயிற்று. லேபின் பேரில் ஒரு கறுப்புப் புள்ளியும் விழுந்தது. மறுநாளே அவள் புதுக் களிம்பு வாங்கினாள், இரும்புப் பெட்டி வாங்கினாள், ஒரு பூட்டும் வாங்கினாள். சாவியைக் கழுத்தில் அடையாள அட்டையோடு கோத்துக்கொண்டாள். மாற்றுச் சாவி? அதைத் தன் மேசை இழுப்பறைக்குள் போட்டு, அந்த இழுப்பறையையும் பூட்டினாள்.

எதிர்க்கட்சி சும்மா இருப்பானா? அவசரத்துக்கு வைத்த மருந்தை யாராவது பூட்டிவைப்பார்களா, நீங்கள் இல்லாத நேரத்தில் என்ன செய்வது என்று பிடித்துக்கொண்டான். முதலில் குதிகால்காரர்களைத் திருத்து, அப்புறம் பூட்டைப் பற்றிப் பேசலாம் என்று அவள் வாயை அடைத்துவிட்டாள். அடுத்த ஆய்வில் களிம்பு பத்திரமாக இருந்தது. குழு பாராட்டிவிட்டுப் போயிற்று. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

விபத்து ஒரு முற்பகலில் நடந்தது. அக்கா அப்போது வேறு கட்டடத்தில், புகைபோக்கிகளைப் பழுதுபார்ப்பது பற்றிய கூட்டத்தில் உட்கார்ந்திருந்தாள். லேபில் எல்லோரும் குட்டி என்று கூப்பிடும் ஆய்வு மாணவி அமிலத்தில் சிலிக்கான் சில்லு ஒன்றை முக்கி எடுத்துக்கொண்டிருந்தாள். கையுறையில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. வலது ஆள்காட்டி விரல் நுனியில் சுரீர் என்றது.

கைபேசியில் எதிர்க்கட்சியின் குரல் வந்தது. “அக்கா, குட்டி கைல எச்.எஃப். பெட்டி பூட்டியிருக்கு.”

அவ்வளவுதான். கூட்டத்தில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. கழுத்துச் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டு படியிறங்கினாள், புல்தரையைக் குறுக்கே தாண்டினாள், ஓடினாள். ஐம்பதை நெருங்கும் உடம்பு ஓடுகிற ஓட்டமா அது? வழியெல்லாம் அந்தப் பெண்ணின் விரலைத் தவிர வேறு நினைப்பில்லை. என் கையாலேயே பூட்டினேனே, என் கையாலேயே பூட்டினேனே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஓடினாள்.

உள்ளே நுழைந்தபோது சுவரில் இரும்புப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது. வாயு உருளையைத் திருகும் பெரிய ஸ்பானர் தரையில் கிடந்தது. எதிர்க்கட்சி இரட்டைக் கையுறை மாட்டிக்கொண்டு குட்டியின் விரலில் களிம்பை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் போனை வைத்த கையோடு பூட்டை நெம்பிவிட்டான். அவள் சாவிக்காகக் காத்திருக்கவில்லை. குட்டியின் உதடு வெளுத்திருந்தது, ஆனாலும் அக்காவைப் பார்த்ததும் வகுப்பில் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள்: “நல்லா கழுவிட்டேங்க்கா. டாக்டர்கிட்ட காட்ட அமிலத்தோட பாதுகாப்பு விவரத் தாளையும் எடுத்து வச்சுட்டேன்.”

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எதிர்க்கட்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு, “நீ நல்லா இருக்கணும் தம்பி” என்றாள். அவனோ களிம்புக் குழாயை அமுக்குவதில்தான் கவனமாக இருந்தான்.

ஆஸ்பத்திரியில் விரலுக்குள் கால்சியம் ஊசி போட்டார்கள். சாயங்காலம் மருத்துவர் வெளியே வந்து, விரலுக்கு ஆபத்தில்லை, நகம் மட்டும் விழுந்து முளைக்கும் என்றார். கழுவியதும் களிம்பும்தான் காப்பாற்றின, இன்னும் தாமதமாகியிருந்தால் நான் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

வந்த உயிரை அரைமணி நேரம் நிம்மதியாக வைத்துக்கொள்ள முடிந்ததா? லேபின் தலைவரான பேராசிரியர் அவளைத் தனியே அழைத்தார். கெட்டவர் இல்லை, பயந்த மனிதர். விபத்து அறிக்கையை எழுதவேண்டியவள் அவள். அதில் பூட்டைப் பற்றிச் சொன்னால் லேபின் அனுமதியை நிறுத்திவிடுவார்கள், அத்தனை பேர் ஆராய்ச்சியும் கிடப்பில் போகும், அவள் வேலைக்கும் உத்தரவாதமில்லை என்றார். பெட்டியைத் திறக்கச் சற்றுச் சிரமமாக இருந்தது என்று எழுதினால் போதாதா, அது பொய்யும் இல்லையே என்று கெஞ்சாத குறையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

அவள் நடைபாதைப் பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கணவருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் வண்டியை டிப்போவில் விட்டுவிட்டுப் பேசினார். கேலி இல்லை, கிண்டல் இல்லை. “உனக்கு எது சரின்னு படுதோ அத எழுது. வேலை போனா போகட்டும், நான் இருக்கேன்” என்றார். இப்படி ஒரு மனிதர் வாய்த்தாரே என்று அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. அப்படியும் விரல்கள் நகரவில்லை. பூட்டு என்ற ஒரு சொல்லை அடிப்பதற்கு இத்தனை பயமா என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

அந்த நேரத்தில்தான் குட்டியின் அப்பா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். ஒல்லியான மனிதர், தையற்கடை வைத்திருப்பவர், சட்டையில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே போய் மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் அக்கா எதிரில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரியே செய்தாளாம், நீங்கள்தான் விரலைக் காப்பாற்றினீர்கள் என்றார்.

அந்தக் கும்பிடை அவளால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. எழுந்து நின்றாள்.

“என்னைக் கும்பிடாதீங்க அண்ணா. அந்த மருந்தைப் பூட்டி வச்சதே நான்தான். ஆய்வுக்கு வர்றவங்ககிட்ட நல்ல பேர் வாங்கணும்னு பூட்டினேன். ஒரு பையன் உடைச்சு எடுத்தான். அவன் இல்லைன்னா உங்க பொண்ணு விரல் போயிருக்கும்.”

அவர் முகம் இறுகிற்று. திட்டட்டும், நாலு வார்த்தை கேட்டால்தான் மனசு ஆறும் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவரோ பெஞ்சில் உட்கார்ந்து, தன் இடது கையை விரித்து மடிமேல் வைத்தார். கட்டைவிரலுக்கு அடியிலிருந்து மணிக்கட்டு வரை பழைய தழும்பு ஒன்று ஓடியது.

கடை வைப்பதற்கு முன்னால் அவர் ஒரு துணி ஆலையில் வெட்டும் மிஷினில் வேலை பார்த்தாராம். வேலை சீக்கிரம் ஆகட்டும் என்று கத்தியின் காப்புத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தார்களாம். கை கிழிந்ததும் முதலாளி மருத்துவச் செலவைக் கொடுத்து, வீட்டில் தடுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னாராம். இவரும் வேலைக்குப் பயந்து அப்படியே சொன்னாராம். தகட்டைத் திரும்ப மாட்டவே இல்லை.

“நான் வீட்ல இருந்த அந்த மாசமே என் இடத்துல ஒருத்தன நிக்க வச்சாங்கம்மா” என்றார். “அவனுக்கு மூணு விரல் போச்சு. எங்க முதலாளியோ நானோ, ரெண்டு பேர்ல ஒருத்தர் உங்கள மாதிரி வாயத் திறந்திருந்தா அவன் கை முழுசா இருந்திருக்கும்.”

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. மடிக்கணினியை இழுத்து வைத்துக்கொண்டு அறிக்கையின் முதல் வரியை அடித்தாள்: ‘களிம்பு இருந்த பெட்டியை நான் பூட்டியிருந்தேன்.’

அவர் எழுந்துபோய் இரண்டு பேருக்கும் தேநீர் வாங்கிவந்தார்.