திஃப்லிஸ் விட்டுப்போன குழி

பல வீடுகள் சேர்ந்த எங்கள் முற்றத்து ஷியோ, கந்தகக் குளியல்கூடத்தில் முதுகு தேய்ப்பவர். பாதி நகரத்தின் முதுகு அவருக்கு அத்துப்படி. முகம்தான் மறந்துவிடும், தெருவில் யாராவது வணக்கம் சொன்னால், "கொஞ்சம் திரும்பி நில்லு, யாருன்னு சொல்றேன்" என்பார்.

மனைவி மக்ரினே இறந்தபோது, கல்லறையில் அவள் பக்கத்து இடத்தைத் தனக்கென்று பிடித்து, இருவருக்கும் சேர்த்தே படுக்கையாய் ஒரு பெயர்க்கல் போட்டுவிட்டார். இரண்டு பெயர்கள், கீழே 'திஃப்லிஸில் மறைந்தார்கள்'. ஷியோவின் ஆண்டு மட்டும் பாக்கி. வருகிறவர்களை எல்லாம் இழுத்துப்போய்க் காட்டுவார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், எங்கள் ஊர் இனித் திஃப்லிஸ் இல்லை, திபிலிசி என்று உத்தரவு வந்தது. நாங்கள் வீட்டுக்குள் எப்போதும் அப்படித்தான் சொல்வோம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் முற்றத்து வீடுகளின் பதிவேடு பார்க்கும் வீட்டுக் குழு எழுத்தர் இலாரியோன் சும்மா இருப்பானா?

"அண்ணே, திஃப்லிஸ்னு இப்ப ஊரே கிடையாது. இல்லாத ஊர்ல செத்தவருக்கு இங்க யாரு குழி வெட்டுவா?"

"அப்போ மக்ரினே பக்கத்துல படுக்க முடியாதா?"

"சாவுக் காயிதமும் கல்லும் ஒத்துப்போகணும்ல!"

நான் சிரித்தேன். ஷியோ சிரிக்கவில்லை. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அந்த மூன்று நாளும் வந்த முதுகுகள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், அதில் ஒன்று என்னுடையது.

நாலாம் நாள் கல்தச்சன் ஸக்ரோவோடு கல்லறைக்குப் போனோம். ஸக்ரோ 'திஃப்லிஸ்' என்ற எழுத்தை ஆழமாகக் கொத்தி எடுத்தான். புதுப்பெயர் வெட்ட உளியை வைத்தபோது ஷியோ கையைப் பிடித்தார்.

"நில்லுடா! அவ செத்தது திஃப்லிஸ்ல. 'நான் சாகாத ஊர எப்படிய்யா எழுதுன?'ன்னு மேல போனதும் என்னப் பிடிச்சிக்குவா. உனக்கு அவ வாயி தெரியாது."

"எனக்கா தெரியாது? இந்தக் கல்லுக்கே ஏழு தடவ என்னத் திட்டியிருப்பா, உசுரோட இருந்தா. அப்போ என்னதான் வெட்ட?"

"ஒண்ணும் வேணாம். நாளைக்கு இன்னொரு பேரு வச்சாலும் வைப்பாங்க."

ஊர்ப்பெயரைக் கொத்தி எடுத்த இடத்தில் விழுந்த குழி அப்படியே நின்றது. கல்லில் இப்போது தப்பான ஊர் எதுவும் இல்லை என்று இலாரியோனே ஒப்புக்கொண்டான். ஷியோ அதற்கப்புறம் பதினாலு வருஷம் முதுகு தேய்த்துவிட்டு, மக்ரினே பக்கத்திலேயே போய்ப் படுத்தார்.

ஈஸ்டருக்கு ஒயினும் சிவப்பு முட்டையும் கல்லறைக்குக் கொண்டு போய், செத்தவர்களுக்கென்று கல்மேல் ஒயின் ஊற்றுவது எங்கள் வழக்கம். மற்ற கல்லில் ஊற்றினால் வழிந்து மண்ணுக்குப் போய்விடும். அவர் கல்லில் மட்டும் ஒயின் குழியில் தேங்கி நிற்கும். நாங்கள் கிளம்பினதும் குருவிகள் வந்து குடிக்கும். அதில் ஒன்று போன வருஷம் போதையில் பறக்க முடியாமல் மக்ரினே பெயர்மேல் உட்கார்ந்துகொண்டு ஏகமாய்க் கத்தியது.