தண்ணி நிக்கலைன்னு எழுதுங்க

அகரத்துப் பூக்கார அக்கா ஒரு குடம் தண்ணீரைப் பண்ணைக்குட்டையின் நடுவில் கவிழ்த்துக் காட்டிய முற்பகல் இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்து, இடுப்பில் சுமந்து வந்த தண்ணீர். நான் படிவத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதற்குள் சரளை மண் அதைக் குடித்துவிட்டது. "பாத்துக்கிட்டீகளா அப்பு? பெஞ்ச மழையும் இப்படித்தேன் போச்சு. தண்ணி நிக்கலைன்னு எழுதுங்க. அடியில விரிக்கத் தார்ப்பாய் குடுத்தா நிக்கும்" என்றார்.

பருவநிலை மாற்றத்தைத் தாங்கி நிற்க அரசு வகுத்த திட்டத்தில், மழைநீரைத் தேக்க அக்காவின் தோட்டத்தில் வெட்டிய குட்டை அது. அதற்கு இடம் விடுவதற்காக, பூத்துக்கொண்டிருந்த மல்லிகை வரிசைகள் சிலவற்றை அக்கா தன் கையாலேயே பிடுங்கியிருந்தார். நான் அப்போது சென்னை அலுவலகமொன்றில் ஒப்பந்த ஊழியன். இந்த வேலைகளால் ஊருக்கு என்ன பலன் என்று விசாரித்து எழுதுவது என் பணி. நான் எழுதுவது நாட்டின் திட்டக் கணக்கில் சேரும், அங்கிருந்து உலக நாடுகளுக்கு முன் நம் நாடு வைக்கும் அறிக்கைக்குப் போகும் என்று அக்காவிடம் சொன்னேன். "அம்புட்டுத் தூரம் போகுமா?" என்று கேட்டவர், நான் எழுதியதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அது அம்புட்டுத் தூரம் போகவில்லை. 'குட்டை வெட்டப்பட்டதா' என்ற கேள்விக்கு நேரே 'ஆம்' என்று இருந்தது. அக்கா சொன்னது ஓரத்தில், குறிப்புக் கட்டத்தில். மேலே எண்ணிக்கை மட்டும்தான் கேட்கிறார்கள், குறிப்புகளைக் கூட்டிப் போட முடியாது, அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்றார் என் மேலதிகாரி. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் அது. நானே அழித்தேன். அகரத்துக் குட்டை பலன் தந்த பணிகளில் ஒன்றானது. திட்டத்தின் அடுத்த கட்டத்தில், அதே போன்ற சரளை நிலங்களில், அதே போன்ற குட்டைகளை விரிப்பில்லாமல் வெட்டினார்கள்.

சில வருடங்கள் கழித்து அடுத்த அறிக்கைக்கான படிவம் வந்தபோது, எது பலன் தரவில்லை, அதிலிருந்து கற்றது என்ன என்று அதிலேயே கேட்டிருந்தது. அலுவலகத்தில் யாரிடமும் பதில் இல்லை. நான் அகரத்துக்குப் பஸ் ஏறினேன். தோட்டத்தில் அக்காவின் கணவர் மட்டும் இருந்தார். போன சித்திரையில், வாடிய செடிகளுக்கு உச்சிவெயிலில் குடம் குடமாய்ச் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்த அக்கா பாத்திக்குள்ளேயே மயங்கி விழுந்தாராம். திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். நான் அழித்த வரியைப் பற்றிச் சொல்ல அன்று எனக்குத் தைரியம் வரவில்லை.

சென்னை திரும்பியதும், இந்தமுறை மேலதிகாரியிடம் சண்டை போட்டேன். சரளை நிலத்துக் குட்டைகளில் நீர் தங்கவில்லை, அடியில் விரிப்பு தேவை என்ற ஒரு வரி அறிக்கையில் ஏறியது. அதில் ஊரும் இல்லை, பேரும் இல்லை. ஆனாலும் அந்த வரியைக் காட்டித்தான் பழைய குட்டைகளுக்கும் விரிப்பு அனுப்பினார்கள்.

இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தேன். குட்டையில் கரைமுட்டத் தண்ணீர். மல்லிகை இருந்த இடத்தில் சோளம் நின்றது. பூப்பறிக்க ஆளில்லை என்றார் அக்காவின் கணவர். கரையில் உட்கார்ந்து, அன்று நான் செய்ததை ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நீங்க எழுதிட்டீகன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தா. தார்ப்பாய் வந்துரும், வந்துரும்னு சொல்லித்தேன் மிச்ச மல்லிச் செடிகளைப் பிடுங்க விடாம ஊத்திக்கிட்டே கெடந்தா" என்றார்.

பிறகு எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். "வெயில் ஏறுது. நீங்க கெளம்புங்க அப்பு."