சிங்கப்பூர் வேண்டாமுங்க

பாஸ்போர்ட் கேட்காத ஊராகப் பார்த்துத்தான் சுற்றுலா போவது என்று எங்கள் அம்மா ஒரு கோடையில் அடம்பிடித்தாள். பெரியவர்கள் அடம்பிடித்தால் அதற்குக் கொள்கை என்று பெயர் வைத்துவிடுவார்கள். அம்மா பிடித்தது சுத்தமான அடம். எனக்கு அப்போது ஒன்பது வயது, தம்பிக்கு இரண்டு.

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவர்களின் வீடுகளில் கோடை விடுமுறை ஒரு வெட்டிச் சமாச்சாரம். வெயில் ஏற ஏற வடமாநிலங்களில் கிணறுகள் வற்றும், அங்கே போயிருக்கிற வண்டிக்கு வேலை குவியும். பிள்ளைகளுக்கு லீவு விடுகிற மாதத்தில் அப்பாக்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. மழை இறங்கி அவர்கள் ஊர் திரும்பும்போது பள்ளிக்கூடம் திறந்திருக்கும். எங்கள் அப்பா பெரியப்பாவின் ரிக்கில் டிரில்லர். சொந்த அண்ணனின் வண்டி என்பதால் மற்றவர்களுக்குக் கிடைக்கிற லீவுகூட அப்பாவுக்குக் கிடைப்பதில்லை. முந்தைய மழைக்காலத்தில் எல்லாரும் ஊர் வந்தார்கள், அப்பா வண்டிக்குக் காவலாக அங்கேயே தங்கிவிட்டார். அவரைப் பார்த்து ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஏப்ரலில் பெரியப்பா குடும்பம் சிங்கப்பூர் போவதென்று முடிவாயிற்று. எங்களையும் கூப்பிட்டார். அவர் கெட்டவரில்லை. சொந்தத் தம்பியை இப்படி வேலை வாங்குகிறோமே என்ற உறுத்தல் அவருக்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும், அந்த வருஷம் கொஞ்சம் பெரிதாக வந்திருக்க வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க நான் சிங்கப்பூர் போகிற செய்தியைச் சொல்லி முடித்துவிட்டேன்.

மறுநாள் பெரியப்பா பாஸ்போர்ட்டுக்கான காகிதங்களோடு வந்தார். என் காகிதத்திலும் தம்பியின் காகிதத்திலும் அப்பாவின் கையெழுத்து வேண்டுமாம்.

"அப்படீன்னா நாலு நாளைக்கு அவுங்களை ஊருக்கு அனுப்பி வையுங்க மாமா. கையெழுத்தும் ஆச்சு, புள்ளைகளைப் பார்த்த மாதிரியும் ஆச்சு" என்றாள் அம்மா.

"சீசன்ல ஆளை எறக்குனா வேலை கெட்டுரும் அம்மிணி. ஒரு கையெழுத்துக்கு அவன் எதுக்கு வரோணும்? நாளைக்கு ஸ்பேர் சாமான் ஏத்திக்கிட்டு நம்ம லாரி அவன் இருக்கற ராய்ப்பூருக்குப் போகுது. குடுத்து உட்டாப் போட்டுக் குடுத்துருவான்."

அம்மா அவருக்குக் காபி கொண்டுவந்திருந்தாள். அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"காயிதம் போயிட்டு வரலாமுங்க. நாங்க போனா ஆகாதுங்களா?"

பெரியப்பா சிரித்தார். ரிக் நிற்கிற இடத்துக்குப் பெண்கள் போகிற வழக்கமில்லை, எட்டு ஆம்பிளைகள் தார்ப்பாயின் கீழ் படுத்துக் கிடக்கிற இடம், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அங்கே எப்படி என்று அடுக்கினார்.

"இதே கைக்கொழந்தையோட சிங்கப்பூர் போலாமுங்க, ராய்ப்பூர் போனா மட்டும் ஆகாதுங்களா? எங்களுக்குச் சிங்கப்பூர் வேண்டாமுங்க மாமா. பாஸ்போர்ட் இல்லாமப் போற ஊரே இந்த ஜென்மத்துக்குப் போதும்."

பெரியப்பா காபி குடிக்காமலே போனார். நான் தரையில் விழுந்து புரண்டு அழுதேன். அம்மா என்னைச் சுற்றிக்கொண்டு நடந்து, அடுப்பில் இருந்த பாலைப் பார்க்கப் போனாள்.

பெரியம்மா சமாதானத்துக்கு வந்தாள். ஏற்காடு இருக்கிறது, கொல்லிமலை இருக்கிறது, குழந்தையோடு காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம், அதற்கும்தான் பாஸ்போர்ட் வேண்டாம் என்றாள். "ஏற்காடு எங்கீங்கக்கா போயிரப் போகுது" என்று அம்மா முடித்துக்கொண்டாள்.

நானும் என் பங்குக்குப் பள்ளிக்கூட அட்லஸை விரித்து ராய்ப்பூரைத் தேடினேன். சுற்றிலும் நீல நிறமே இல்லை.

"அங்க கடல் இருக்குதா?"

"இல்ல கண்ணு."

"மலை?"

"தெரியல."

"பின்ன என்னதான் இருக்குது?"

"உங்கப்பா இருக்கறாரு."

அப்பாவெல்லாம் ஒரு பார்க்கிற இடமா? எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தம்பிக்குச் சத்துமாவு வறுத்து அரைத்தாள், காய்ச்சல் மருந்து வாங்கினாள், ரயிலில் தொட்டில் கட்டப் பழைய நூல் சேலையைத் துவைத்து வைத்தாள். வடக்கே யாராவது யாரென்று கேட்டால் காட்டுவதற்கு ரேஷன் கார்டை பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டாள். சேலம் ஜங்ஷனில் ஏறிய பிறகு டிக்கெட் பரிசோதகர் கேட்காமலே அதை எடுத்து நீட்டினாள். அவர் எதற்கென்று புரியாமல், அதில் எழுதியிருந்த எங்கள் சர்க்கரை அளவைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஒன்றரை நாள் ரயில், பிறகு நாலு மணி நேரம் பஸ். இறங்கிய இடத்தில் ஒரு புளியமரமும் டீக்கடையும்தான் இருந்தன. அப்பா சலவைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து நின்றிருந்தார். காது மடலில் மட்டும் கல் தூசி வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"வாடா சாமி" என்று கையை நீட்டினார். தம்பி வீறிட்டான். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அவள் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கிக் காதில் வைத்தான்.

"அப்பா! பூச்சாண்டி! அப்பா, வா!"

எதிரில் நிற்கிற பூச்சாண்டியிடமிருந்து தன்னைக் காப்பாற்றச் சொல்லி அப்பாவையே கூப்பிடுகிறான். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அப்பா போன் செய்வார். தம்பி அறிந்த அப்பா அந்தக் குரல்தான். அம்மா சிரிக்கவில்லை. அப்பா கையை இறக்கிக்கொண்டார். பிறகு டீக்கடைக்குப் பின்னால் நடந்து போனார். அம்மாவின் போன் அடித்தது.

"சாமி, சாப்புட்டியா?"

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது.

நாலு நாள் இதே விளையாட்டுத்தான். ரிக் இரையாத நேரத்தில்தான் பேச்சே காதில் விழும். அந்த ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த அறையில் தங்கினோம். வேலை இல்லாத நேரமெல்லாம் அப்பா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று போனில் பேசுவார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டே வந்து நிற்பார். கடைசி நாள் தம்பி அவர் மடியிலேயே உட்கார்ந்தான். அங்கிருந்துகொண்டு போனை அவரிடம் நீட்டி, "அப்பாகிட்டப் பேசு" என்று பெருந்தன்மையாகச் சொன்னான். அப்பா அதை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார்.

மே மாதக் கடைசியில் பெரியப்பா குடும்பம் சிங்கப்பூரிலிருந்து சாக்லேட்டோடு வந்தது. நீங்கள் அங்கே என்னதான் பார்த்தீர்கள் என்று பெரியப்பா கேட்டார். "பாக்க வேண்டியதப் பாத்துட்டமுங்க மாமா" என்றாள் அம்மா, தலையை நிமிர்த்திக்கொண்டு. எனக்குப் பொறுக்கவில்லை. எங்களுக்கும் சொல்லிக்கொள்ள ஏதாவது வேண்டாமா? தம்பியைப் போல வீறிட்டு, பூச்சாண்டிக் கதையை முதலிலிருந்து நடித்துக் காட்டினேன். மடியில் உட்கார்ந்து போன் கொடுத்ததையும் நடித்தேன். பெரியம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். பெரியப்பா சாக்லேட் உறையை நீவிக்கொண்டே இருந்தார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சரியாக நடிக்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு முறை செய்து காட்டினேன்.

அடுத்த வாரம், சீசன் முடியாமலே, அப்பா பையோடு வந்து வாசலில் நின்றார். ஒரு மாதம் இருக்கப் போவதாகச் சொன்னார். வடக்கே ரிக் பழுதாகிவிட்டது போலிருக்கிறது, பாவம் பெரியப்பா என்று நான் நினைத்துக்கொண்டேன்.